கடையில் பெட்டி வைக்காமலே அபோஜி சாஃப்ட்வேர் எப்படி கேம் விற்றது? பிறகு ஏன் சரிந்தது?

அமெரிக்காவின் டெக்சாஸில் ஸ்காட் மில்லர் தொடங்கிய சிறு நிறுவனம் அபோஜி. அந்தக் காலத்து ஷேர்வேர் வழக்கம், முழு கேமையும் கொடுத்துவிட்டு "பிடித்தால் பணம் அனுப்புங்கள்" என்பது. முழுசும் கையில் வந்தபின் யார் அனுப்புவார்?

மில்லர் 1987-ல் 'கிங்டம் ஆஃப் க்ரோஸ்' கேமை மூன்று பாகமாகப் பிரித்தார். முதல் பாகம் இலவசம். யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பரப்பலாம். மீதி வேண்டுமென்றால் காசோலை அனுப்ப வேண்டும், ஃப்ளாப்பி தபாலில் வரும். இத்தனைக்கும் க்ரோஸில் படமே கிடையாது, திரை முழுக்க எழுத்தும் குறிகளும்தான்!

1990 டிசம்பரில் 'கமாண்டர் கீன்' இதே வழியில் வந்தது. பி.சி.யில் திரை வழுக்கிக்கொண்டு நகர்வது அப்போது அபூர்வம். ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் வரையாமல், மாறிய கட்டங்களை மட்டும் வரைந்து புரோகிராமர் ஜான் கார்மாக் அதைச் சாதித்தார். 1992-ல் 'வூல்ஃபென்ஸ்டைன் 3டி'. அதன்பின் கார்மாக்கின் குழுவான ஐடி சாஃப்ட்வேர், 'டூம்' கேமை அபோஜி வழியாக விடாமல் தானே வெளியிட்டுக்கொண்டது.

சரிவுக்குக் காரணம், என் பார்வையில், கையில் இருந்த பணம்தான். அபோஜி 3டி ரெல்ம்ஸ் என்ற பெயரில் 1996-ல் விட்ட 'டியூக் நியூகம் 3டி' அள்ளிக் கொடுத்தது. அடுத்த பாகத்துக்குச் சொந்தக் காசு, கெடு வைக்க ஆளில்லை. 1997-ல் அறிவித்தார்கள், குவேக் 2 எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தொடங்கி, பாதியில் அன்ரியல் எஞ்சினுக்குத் தாவினார்கள். 2009-ல் குழுவையே கலைக்க வேண்டியதாயிற்று. 2011-ல் கியர்பாக்ஸ் என்ற வேறொரு கேம் நிறுவனம்தான் முடித்து வெளியிட வைத்தது.