ஞாயிற்றுக்கிழமை பஸ் லேனில் போனதற்கு 160 பவுண்ட் தண்டமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். ஞாயிறு காலை மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிச் சென்றபோது வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பஸ்களுக்கென ஒதுக்கிய பஸ் லேனில் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எவரும் போகலாம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது 160 பவுண்ட் தண்டக் கடிதம் வந்திருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். பலகையில் நேரம் எதுவுமே இல்லை. லைசென்ஸில் தண்டப் புள்ளி விழுமா? 60 பவுண்ட் தந்தால் ரத்துச் செய்து தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: புள்ளி விழாது. பஸ் லேன் தண்டம் குற்றவியல் வழக்கு அல்ல. பணத்தோடு முடிகிற விஷயம். அந்தத் தெரிந்தவருக்கு மட்டும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நேரம் போடாத பலகை என்றால் எந்த நேரமும் போகலாம் என்று நம்மவர்களில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. நேரம் இல்லையென்றால் 24 மணி நேரமும், ஏழு நாளும் தடை. நேரம் எழுதியிருந்தால், அந்த நேரத்துக்கு வெளியே நீங்களும் நானும் தாராளமாகப் போகலாம். முன்பு திங்கள் முதல் சனி வரை, காலை 7 முதல் மாலை 7 வரை என்ற பலகைகளே அதிகம் கண்ணில் பட்டன. உங்கள் பழக்கம் அந்தக் காலத்தது. 2021 டிசம்பரில், லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் கீழுள்ள, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட முக்கிய வீதிகளில் பெரும்பாலான பஸ் லேன்களை முழுநாளாக மாற்றிவிட்டார்கள். மற்ற வீதிகள் அந்தந்த கவுன்சிலின் கையில். 32 கவுன்சில்கள், அதற்கு மேல் லண்டன் சிட்டி. ஒரே வீதியில் ஒரு சந்தியைத் தாண்டினால் நேரம் மாறுகிறது. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகிறவர், விளக்குக் கம்பத்தில் இருக்கும் அந்த நீலப் பலகையின் சின்ன எழுத்தை எப்படி வாசிப்பார்? நகரம் முழுவதற்கும் ஒரே நேரம் வைக்க இவர்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இந்தக் கோபத்தை முறையீட்டில் எழுதினால் செல்லாது.

பஸ் லேனைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், அந்த லேனின் தடித்த வெள்ளைக்கோடு முடியும் வரை, அல்லது துண்டு துண்டாக மாறும் வரை பொறுத்திருங்கள். "இன்னும் பத்து யார் தூரம்தானே" என்று முன்கூட்டியே உள்ளே நுழைகிறவர்களைத்தான் கமரா பிடிக்கிறது.

அம்புலன்ஸுக்கு வழிவிட பஸ் லேனுக்குள் நுழைவதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் நீல விளக்கோடு வருகிறது, நீங்கள் பஸ் லேனுக்குள் ஒதுங்கி வழி விடுகிறீர்கள். மனிதர் யாரும் செய்வதுதான். ஆனால் ஒதுங்கும்போதும் வீதிக் குறிகளை மீறக் கூடாது என்றுதான் நெடுஞ்சாலை விதிநூல் சொல்கிறது. ஆகவே தண்டம் வரலாம். வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். கடிதத்தின் எண்ணையும் கார் எண்ணையும் இணையத்தில் போட்டால் காணொளியைப் பார்க்கலாம். ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கடிதத்தில் இரண்டே படங்கள். இரண்டிலும் அவருடைய கார் மட்டும். காணொளியை ஓடவிட்டோம். ஐந்தாவது வினாடியில் அவருடைய பின்கண்ணாடியில் நீலம் மின்னி மறைகிறது. அந்த வினாடியைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினார். ரத்தாயிற்று. சீருடைப் பொலிஸ்காரர் கைகாட்டி உள்ளே போகச் சொன்னாலும் இப்படித்தான்: திகதி, நேரம், இடம் எழுதுங்கள்.

இனி அந்தத் தெரிந்தவர். அவர் அனுப்பப்போகும் முறையீட்டுப் படிவத்தை நீங்களே இலவசமாக அனுப்பலாம். கவுன்சில் மறுத்தால் லண்டன் தீர்ப்பாயத்துக்கு 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் கட்டணம் கிடையாது. இவரைப் போன்றவர்கள் உங்கள் 60 பவுண்டை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே கடிதத்தை, பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். சில நேரம் அனுப்புவதே இல்லை. 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான்; அந்த 14 நாள் கழிந்தபின்தான் உங்களுக்குத் தெரியவரும். கைபேசியில் வரும் "தண்டம் உடனே கட்டுங்கள்" செய்திகளையும் தொடாதீர்கள். பஸ் லேன் தண்டம் தபாலில்தான் வரும். இணைப்பை அழுத்தி வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு அழுத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கதைக்கு வருவோம். பலகையில் நேரம் இல்லை, அம்புலன்ஸும் இல்லை. பலகை மரக்கிளையில் மறைந்திருந்தால் அன்றி முறையிட வலுவான காரணம் கிடையாது. 14 நாளுக்குள் 80 பவுண்டைக் கட்டி முடித்துவிடுங்கள். பலகை மறைந்திருந்தால், கட்டுவதற்கு முன்பே படம் எடுத்து முறையிடுங்கள். கட்டினால் வழக்கு மூடப்பட்டுவிடும், பிறகு முறையிட முடியாது.

அண்மையில் வீடு மாறியிருந்தால் காரின் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றினீர்களா என்றும் பாருங்கள். பழைய முகவரிக்குக் கடிதம் போய்க் கிடந்தால் 160 பவுண்ட் 240 ஆகும்; அதற்கும் பிறகு பணம் வசூலிப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். கடிதத்தின் திகதியிலிருந்து எத்தனை நாள் போயிற்று என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.