‘ஜைத்ரிக்ஸ்’ என்று திருமலையில் யார் சொல்வார்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன், ஐயா. இரசவாதத்தால் இயங்கும் ஒரு துறைமுக நகரத்தை வைத்து மிகுபுனைவு நாவல் எழுதிவருகிறேன். அங்கே கடற்கரைக் கருமணலைக் காய்ச்சி எடுக்கும் ஆவியால் விளக்கு எரிகிறது, வண்டி ஓடுகிறது, கப்பல் நகர்கிறது. அந்த உலகத்துக்காக ஏறத்தாழ முந்நூறு சொற்களைப் புதிதாக உருவாக்கினேன். இயந்திரத்துக்கு ஜைத்ரிக்ஸ், எரிபொருளுக்கு ஸ்ப்ராக்கோன், உலைக்குப் பொறுப்பானவருக்கு க்வெல்டார் என்று போகிறது பட்டியல். வாசித்த நண்பர்கள் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அவற்றை எடுத்துவிட்டுப் பழந்தமிழ்ச் சொற்களைப் போட்டேன். சித்த மருந்துக்கடை விளம்பரம் போல இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர்கள் இரண்டு முறையும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். நல்ல நண்பர்கள், விட்டுவிடாதீர்கள்.

‘ஜைத்ரிக்ஸ்’ என்ற சொல்லை அந்த நகரத்தில் முதலில் சொன்னவர் யார்? உலை வாயிலில் வேர்த்து நின்ற கூலியாளா, கந்தோரில் பதிவேடு எழுதியவரா, கப்பலில் வந்திறங்கிய வியாபாரியா? உங்கள் கடிதத்தில் இதற்கு விடை இல்லை. எழுத்து மேசையில் இருந்தபடி நீங்களே சொன்னதாகத்தான் எனக்குத் தெரிகிறது. நான் பல காலம் தமிழில் இரசாயனவியல் கற்பித்தவன். கலைச்சொல் ஆக்கும் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். சொல்வதற்கு ஆள் இல்லாத சொல் பட்டியலிலேயே கிடந்து மடிவதை அங்கே நிறையப் பார்த்தேன். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதைச் சொன்ன வாயை முடிவு செய்யுங்கள். மற்றவை பெரும்பாலும் தாமாக வந்துவிடும்.

முதலில் ஒலி. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் ஒட்டி நிற்பதில்லை. கடைசியில் க், ட், ப் போன்ற வல்லின மெய் நிற்பதில்லை. ரகரமும் லகரமும் முன்னால் வந்தால் நாக்கு ஓர் உயிரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. இரசமும் உலோகமும் அப்படி வந்தவைதாம். வெளியார் சொல் வந்தாலும் இதே கதைதான். போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’ நம்மிடம் கதிரை ஆனது, ‘ஜனேலா’ யன்னல் ஆனது. ஒல்லாந்தரின் ‘கான்தோர்’ கந்தோர் ஆனது. அவர்கள் வீட்டு முன்புறத்தை ‘ஸ்தூப்’ என்றார்கள்; நாம் இகரத்தை முன்னால் வைத்து இஸ்தோப்பு என்றோம். இன்று கதிரையில் உட்காருகிற எவரும் அதைக் கப்பலில் வந்த சொல் என்று எண்ணுவதில்லை.

இப்போது உங்கள் சொற்களை அதே வழியில் அனுப்பிப் பாருங்கள். ஜைத்ரிக்ஸ் என்ற இயந்திரம் கடல் கடந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் மூன்று தலைமுறை புழங்கிய பிறகு அது ‘சயித்திரி’ ஆகியிருக்கும். ‘சயித்திரியைப் பூட்டு’, ‘சயித்திரிக்கு எண்ணெய் விடு’ என்று வேற்றுமை உருபுகளும் சிக்கலின்றி ஒட்டுகின்றன. ‘ஜைத்ரிக்ஸை’ என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பழைய வடிவத்தை முற்றாக எறிய வேண்டாம். இயந்திரத்தின் செப்புத் தகட்டில் பொறித்த பெயராக அது ஓரிடத்தில் மட்டும் வரட்டும். அந்த ஒரு தகடே அந்நகரத்தின் வணிக வரலாற்றை வாசகருக்குச் சொல்லிவிடும்.

இந்த விடயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர், ஏனென்றால் சொற்கள் தேய்வதைப் பார்ப்பதற்குத் திருகோணமலையை விட நல்ல இடம் வேறில்லை. கோணேசர் மலையின் அடியில் போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டினார்கள். அதன்பின் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1782இல் சில காலம் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது, 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது. ஊரின் பெயரும் அதே பாடுபட்டது. எழுத்தில் திருகோணமலை, பேச்சில் திருமலை, ஆங்கில வாயில் ட்ரிங்கோமலி. ஒரே ஊரை மூன்று விதமாகச் சொல்கிற மூன்று வகை மனிதர்கள் இருக்கும்போது, உங்கள் எரிபொருளுக்கு மட்டும் ஏன் ஒரே பெயர்?

வீதிக்கு வந்து பாருங்கள். பலகையில் ‘எரிபொருள் நிரப்பு நிலையம்’ என்று இருக்கும்; அங்கே போகிறவர் பெற்றோல் செட்டுக்குப் போவதாகச் சொல்வார். உங்கள் நகரத்திலும் தாங்கியின் மேல் ‘வாலுகாவாயு’ என்று எழுதியிருக்கட்டும். வாலுகம் என்றால் மணல். அரசாங்கத்துக்கு இப்படிப்பட்ட கனத்த சொல்தான் பிடிக்கும். உலைக்காரர்கள் அதை வெறுமனே ‘காற்று’ என்பார்கள். ‘இன்று காற்றுக் குறைவு’ என்றால் அந்த ஊரில் விளக்கு மங்கும் என்று பொருள். மீனவர்களுக்கோ ஏற்கெனவே கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று வேறு காற்றுகள் இருக்கின்றன. இரண்டு காற்றும் ஒரே உரையாடலில் மோதிக்கொள்ளும் ஒரு காட்சியை எழுதுங்கள். புதிதாக ஒரு சொல்லும் செய்யாமல் புதிய உலகம் ஒன்று கிடைக்கும்.

‘ஸ்ப்ராக்கோன்’ வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் என்ற சொல்லை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மண்ணிலிருந்து எண்ணெயா? எவ்வளவு விசித்திரமான கற்பனை! வெடியுப்பு, நிலக்கரி, மின்சாரம் எல்லாம் அப்படித்தான். பழகிப்போனதால் விசித்திரம் மறைந்துவிட்டது. சாம்பல்தீவு, வெள்ளைமணல், கருமலையூற்று, உப்புவெளி என்று நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஓர் இரசவாத நாட்டின் வரைபடம் விரிகிறது. நீங்கள் அங்கே இருந்துகொண்டு ஸ்ப்ராக்கோனைத் தேடிப் போயிருக்கிறீர்கள்!

கருமணல் என்றதும் நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரை நினைவுக்கு வருகிறது. உங்களுக்கும் அங்கிருந்துதான் பொறி கிடைத்திருக்கும் என நினைக்கிறேன். அந்த மணலில் உள்ள இல்மனைற்றுக்குப் பெயர் உருசியாவின் இல்மென் மலைகளிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த கனிமத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பெயர் மட்டும் புறப்பட்டு வந்து நம் கடற்கரையில் படுத்துக்கொண்டது. கதையிலும் சில பொருள்களுக்கு இப்படித் தொடர்பறுந்த பெயர் இருக்கலாம். ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று எந்தப் பாத்திரத்துக்கும் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இனி மருந்துக்கடை வாசனை. இரசவாதம் என்றதும் நீங்கள் பெயர்ச்சொற்களை அள்ளியிருப்பீர்கள்: பற்பம், செந்தூரம், குளிகை, மெழுகு. இவை இன்றும் போத்தல்களில் ஒட்டப்படும் சொற்கள். வாசகர் மருந்தை நினைக்காமல் வேறு எதை நினைப்பார்? தொழிலின் உயிர் வினைச்சொற்களில் இருக்கிறது. சித்தர் மரபில் பாதரசத்தைக் ‘கட்டுவார்கள்’. ஓடித்திரியும் திரவத்தை அசையாத திடமாக்குவதுதான் கட்டு. உலோகத்தைப் பற்பமாக்குவதைக் கொல்வது என்பார்கள். கலங்களின் வாயை மூடி, மண் பூசிய துணியைச் சுற்றிக் காயவைத்து அடைப்பதற்குச் சீலைமண் செய்தல் என்று பெயர்.

இந்த ‘கட்டு’ ஒன்றே உங்கள் நாவலின் பாதியைச் சுமக்கும். ஆவியைத் திடப்பொருளில் அடக்கி வைத்தால் அது ஒரு கட்டு. கடையில் விற்பது, கப்பலில் ஏற்றுவது, திருடர் கடத்துவது எல்லாம் கட்டுகள். எரித்து வெளியே விட்டால் அவிழ்த்தல். கைதவறி விடுபட்டால்? ‘மூன்றாம் உலை அவிழ்ந்துவிட்டது’ என்று ஒருவன் ஓடிவந்து சொல்கிறான். அருஞ்சொல் விளக்கம் எதுவும் இல்லாமலே வாசகருக்கு வயிற்றைப் பிசையும். குழாய்களின் மூட்டுகளை அடைக்கும் தொழிலாளர் சீலைமண்காரர். அவர்களுக்குக் கூலி குறைவு, ஆபத்து அதிகம். ஒரு வேலைநிறுத்தம் எழுதலாம்.

அளவைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இயந்திரம் உள்ள உலகத்தில் அளவு இல்லாமல் முடியாது. ‘பாகை செல்சியஸ்’ என்று எழுதினால் கனவு கலைந்துவிடும். சித்த மருத்துவத்தில் எருவறட்டி அடுக்கிப் புடம் போடும்போது சூட்டின் அளவை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? காடைப்புடம், கவுதாரிப்புடம், குக்குடப்புடம், வராகப்புடம், கஜபுடம். காடை, கவுதாரி, கோழி, பன்றி, யானை என்று உயிரின் பருமன் ஏற ஏற, வறட்டியின் தொகையும் சூடும் ஏறும். நெருப்பை எரிக்கும் விதத்துக்குத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தனி வரிசை உண்டு. விளக்குச் சுடரிலிருந்து பெருநெருப்பு வரை போகும். இதைவிடத் தெளிவான அளவைக் கற்பனையால் உண்டாக்குவது கடினம்.

ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். உங்களுடையது துறைமுகம், காட்டுப் பறவைக்கு அங்கே என்ன வேலை? சாளைச்சூடு, சூரைச்சூடு, சுறாச்சூடு, எல்லாவற்றுக்கும் மேலே திமிங்கிலச்சூடு. திருமலைக் கடலில் நீலத் திமிங்கிலமே வந்துபோகிறது, அளவுக்குப் பஞ்சமில்லை. ‘சுறாச்சூடு வந்துவிட்டது, துருத்தியை நிறுத்து’ என்றால் எவருக்கும் விளங்கும். மலைப்பக்கத்து எதிரி நகரம் வேறு அளவை வைத்திருக்கட்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் போல ஊற்றுகளை எண்ணி ‘ஐந்தாம் கிணறு’ என்று அவர்கள் சூடு சொல்லலாம். இரு நகரத்தாரும் ஒருவர் அளவை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு ஓர் உலையைச் சிதறடிக்கட்டும். நம்மிடமே இதற்கு உதாரணம் உண்டு. இங்கே இரசாயனவியல், பாக்குநீரிணைக்கு அப்பால் வேதியியல். இங்கே ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். மொழி ஒன்றுதான்.

செத்த சொற்களுக்கும் கொஞ்சம் இடம் வையுங்கள். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், இரசாயனப் பாடநூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் நிலைக்கவில்லை. எனக்கு அதன்மேல் இன்னும் ஒரு பிரியம் உண்டு. உங்கள் நகரத்திலும் இப்படித் தோற்றுப்போன ஒரு சொல்லை ஒரு கிழவர் மட்டும் விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்று, சொல்லக்கூடாத சொல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கு. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. வெடிக்கும் உலைக்குப் பக்கத்தில் பிழைப்பவர்கள் வெடி என்ற சொல்லை வாயில் எடுப்பார்களா? ‘உலை சிரித்தது’ என்பார்கள். வெளியூரான் ஒருவன் உலைக்கூடத்தில் நின்று ‘வெடிக்குமா?’ என்று கேட்டதும் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்ப்பதாக ஒரு காட்சி வைத்தால், என்னிடம் நீங்கள் ஆலோசனை கேட்கவே வந்திருக்க வேண்டாம்.

எத்தனை சொல்? முந்நூறில் முப்பதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவையுங்கள். முதல் அத்தியாயத்துக்கு ஐந்து போதும். ஒரு புதுச் சொல் முதல் தடவை வரும்போது கையால் தொடக்கூடிய பொருளோடு வரட்டும். இரண்டாம் தடவை ஒருவர் அதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தட்டும். அதன்பிறகு வாசகர் அதை மறக்கமாட்டார். நூலின் கடைசியில் அகராதி சேர்க்கும் எண்ணம் இருந்தால், முதலில் அகராதி இல்லாமல் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் நிறுத்திக் கேட்கிற சொல்லைத் திருத்துங்கள், அகராதிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக, க்வெல்டார். அதை நாக்கில் போட்டுக் கொஞ்சம் உருட்டினால் ‘குவல்தார்’ ஆகிறது. சுபேதார், தாசில்தார் என்ற வரிசையில் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. பெரிய மீசையும் சின்னச் சம்பளமும் உள்ள ஓர் அதிகாரிக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.