வேலை நின்றுபோனால் வாடகை என்ன ஆகும்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், அதாவது கீழ்த்தளத்தில், இருக்கிறீர்கள். ஏஜென்சி மூலம் கிடங்கு வேலை, அதில் வாரம் இரண்டு நாள் கூலி கையில் காசாக வருகிறது. கொரோனா மாதிரி மறுபடி ஒன்று வந்து வேலை நின்றால் அரசாங்கம் வாடகையைத் தள்ளுபடி செய்யுமா, இல்லை வீட்டுக்காரர் வெளியே அனுப்பிவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2020-இல் இதே கேள்வியோடு நானும் என் கணவரும் பல இரவுகள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தள்ளுபடி என்று ஒன்று ஒண்டாரியோவில் வரவில்லை. மார்ச் 17 அன்று மாகாணத்தில் அவசரநிலை அறிவித்தார்கள், அதே வாரத்தில் குடியிருப்பவர்களை வெளியேற்றுவதை நிறுத்தினார்கள். சாப்பாடா வாடகையா என்ற நிலை வந்தால் சாப்பாட்டைப் பாருங்கள் என்ற பொருளில் முதல்வர் டக் ஃபோர்டு பேசினார். அதைக் கேட்டு வாடகையே கட்ட வேண்டாம் போலிருக்கிறது என்று நம்பியவர்கள் நிறையப் பேர். நின்றது வெளியேற்றம் மட்டும்தான். பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் தடை விலகியதும் வீட்டுக்காரர்–வாடகைதாரர் தீர்ப்பாயத்தில் வழக்குகள் மறுபடி நகர ஆரம்பித்தன.

அப்போது நான் விமான நிலையம் பக்கம் ஒரு ஹோட்டலில் அறைகள் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கணவருக்கு ஒரு விருந்து மண்டபத்தின் சமையலறையில் வேலை. இரண்டும் ஒரே வாரத்தில் போயின. வீட்டுக்காரரிடம் பன்னிரண்டு மாதத்துக்கும் பின்தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்து வைத்திருந்தோம். ஏப்ரல் 1 காசோலை வங்கிக்குப் போனால் பணமில்லாமல் திரும்பிவிடும், வங்கி அதற்கு வேறு அபராதம் போடும். கணவர் மாடிக்குப் போய் நேரில் பேசலாம் என்றார். எழுத்தில் போகட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மார்ச் 27 இரவு அனுப்பிய குறுஞ்செய்தி இது: "எங்கள் இருவருக்கும் வேலை நிறுத்தப்பட்டுவிட்டது, கடிதங்களை இணைத்திருக்கிறேன். 1,150-இல் 600 டாலர் ஏப்ரல் 1 அன்று தருகிறோம். மீதி, உதவித்தொகை வந்ததும். தயவுசெய்து அந்தக் காசோலையைப் போட வேண்டாம்." மறுநாள் மதியம் ஒரே வரியில் பதில் வந்தது: "சரி, மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்." அவருக்கும் வீட்டுக்கடன் இருந்தது. வங்கிகள் ஆறு மாதம் வரை தவணையைத் தள்ளிவைத்தது அவருக்கும் கைகொடுத்தது என்று பிறகு சொன்னார். அந்தக் குறுஞ்செய்திகளின் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எங்களைக் காப்பாற்றிய உதவித்தொகை, செர்ப் என்ற மத்திய அரசின் கொரோனா கால அவசர உதவி. நான்கு வாரத்துக்கு 2,000 டாலர், ஏப்ரல் 6 முதல் விண்ணப்பிக்க முடிந்தது. 2019-இலோ விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்திலோ 5,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். 9-இல் தொடங்கும் சின் எண் (வேலைக்குத் தேவையான சமூகக் காப்பீட்டு எண்) வைத்திருந்த வேலை அனுமதிக்காரர்களுக்கும் கிடைத்தது. கொடுக்கும்போது வரி பிடிக்கவில்லை, அதனால் அடுத்த வருடம் வரிக்கணக்கில் அது வந்து நின்றது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நாங்கள் தொடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இங்கேதான் உங்கள் கைக்காசு எனக்குக் கவலை தருகிறது. எங்கள் தெருவில் ஒருவர் மூன்று வருடம் அப்படியே வேலை பார்த்தவர். உழைத்ததெல்லாம் உண்மை, ஆனால் காட்ட ஒரு சம்பளச் சீட்டு கிடையாது. செர்ப் அந்தக் காலத்தோடு முடிந்துபோன திட்டம். இன்றைக்கு வேலை போனால் முதலில் தட்ட வேண்டிய கதவு இ.ஐ. என்கிற வேலையிழப்புக் காப்பீடு. அதற்குப் பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம் கணக்கில் வந்த வேலை இருக்க வேண்டும். கணக்கில் வராத இரண்டு நாள் அதில் சேராது. அது உங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை, வந்த புதிதில் கிடைத்ததைத்தான் பிடிக்க முடியும். ஆனால் அந்த இரண்டு நாளையும் சீட்டில் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் வீடு. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் மிக முக்கியம்: சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு, அல்லது அவர் குடும்பத்தோடு பகிர வேண்டிய ஏற்பாடா? அப்படியென்றால் பொதுவாக வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. தனிச் சமையலறை, தனிக் குளியலறை என்றால் உண்டு.

பாதுகாப்பு இருந்தால், வாடகை தவறியதும் வீட்டுக்காரர் கொடுக்கக்கூடியது என்4 என்ற படிவம். எங்கள் காலத்தில் அதற்கு 14 நாள் கெடு, அதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது. கட்டாவிட்டாலும் மறுநாளே பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. அவர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், உத்தரவு வர வேண்டும். அதற்குப் பிறகும் உத்தரவை நிறைவேற்றும் அரசு அதிகாரியான ஷெரிஃப் ஒருவர்தான் வெளியேற்ற முடியும். பூட்டை மாற்றவோ சாமான்களை வெளியே வைக்கவோ வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. எங்களோடு வேலை செய்த ஒரு பெண், கதவிடுக்கில் செருகியிருந்த அந்தத் தாளைப் பார்த்துப் பயந்து, குழந்தையோடு அந்த வாரமே காலி செய்துவிட்டாள். அவள் இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2020 ஜூலையில் வந்த சட்டத்திருத்தம், மார்ச் 17-க்குப் பிந்தைய பாக்கி என்றால் வீட்டுக்காரர் தவணை பேச முயன்றாரா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்றது. அது நல்லது. ஆனால் அதே சட்டம், தீர்ப்பாயம் பதிவு செய்த ஒப்பந்தத்தில் ஒரு தவணை தவறினாலே விசாரணை இல்லாமல் வெளியேற்ற உத்தரவு கேட்கும் வழியையும் விரித்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் மாத வாடகையோடு கூடுதலாக 500 டாலர் கட்டுவதாக எழுதிக்கொடுத்தார். வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சம். இரண்டு மாதம் கட்டினார், மூன்றாவது மாதம் ஷிஃப்ட் குறைந்தது, வீடு போயிற்று. 150 முடியும் என்றால் 150 என்றே சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் பகுதிச் சமூகச் சட்ட மையத்தில் காட்டிவிடுங்கள், குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசம். உதவித் தகவல் எண்ணான 211-க்குப் போன் செய்தால் எந்த மையம் என்று சொல்வார்கள். பாக்கி சேர்ந்துவிட்டால் வாடகை பாக்கிக்கு உதவும் டொராண்டோ நகரின் ரென்ட் பேங்க் திட்டம் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

முன்பணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கடைசி மாத வாடகையை மட்டும்தான் வாங்கலாம், சேதத்துக்கு என்று தனியாக வாங்கக் கூடாது. கொடுத்த வாடகைக்கெல்லாம் ரசீது கேளுங்கள், கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

சமையலறை விஷயத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள் தம்பி. பகிர்வு ஏற்பாடு என்றால் அடுத்து எப்படி வீடு பார்ப்பது என்பதைச் சேர்த்துப் பேசலாம்.