பாதத்தை ஒட்டும் முன் தரையை யோசியுங்கள்: அறிபுனை மினியேச்சர் கேள்வி பதில்

வார்ஹாமர் 40,000 மாதிரியான மேசைப் போர் விளையாட்டுகளுக்கு மினியேச்சர் கட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. வீரர்களுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அது தனிக் கடல். வெட்டுவது, ஒட்டுவது, பேஸ் (உருவம் நிற்கும் வட்டத் தட்டு) செய்வது, இன்றைக்கு இவ்வளவுதான்.

அண்ணா, முதல் பெட்டி வாங்கிவிட்டேன், ஸ்பேஸ் மரீன்கள் என்ற கவச வீரர்கள். கருவிகள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெட்டி விலையைத் தாண்டுகிறது. எதெல்லாம் கட்டாயம்?

ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் கட்டர், கூர்மையான கத்தி, 400, 600 நம்பர் உப்புத்தாள், பிளாஸ்டிக் சிமென்ட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சின்ன கட்டரே போதும். ஆனால் ஒரே வெட்டில் பாகத்தை எடுக்காதீர்கள். முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி, பாகங்கள் கோர்த்து வரும் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து பிரியுங்கள். அப்புறம் தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்த்தபடி வைத்து மிச்சத்தை நறுக்குங்கள். நேரடியாக ஒட்ட வெட்டினால் அழுத்தத்தில் பிளாஸ்டிக் வெளுத்துப் பள்ளம் விழும்.

ஃபெவிக்விக் வீட்டிலேயே இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சிமென்ட் எதற்கு?

இரண்டும் பசைதான், வேலை செய்யும் விதம் வேறு. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ இரண்டு பரப்புகளுக்கு நடுவே இறுகி நின்று பிடிக்கிறது. பிளாஸ்டிக் சிமென்ட், இந்த வீரர்கள் செய்யப்பட்டிருக்கும் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினைக் கரைக்கிறது. கரைந்த இரண்டு பக்கமும் கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். மேசையிலிருந்து விழுந்தால் சூப்பர் க்ளூ மூட்டு பட்டென்று விடும், சிமென்ட் மூட்டு பெரும்பாலும் விடாது. ஒட்டும்போது பாகத்தைச் சற்று நகர்த்திச் சரிசெய்யவும் சில விநாடிகள் கிடைக்கும்.

தமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணீராக ஓடும் சிமென்ட் என்றால், முதலில் பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறகு தூரிகை நுனியால் இடுக்கைத் தொடுங்கள். அதுவே உள்ளே ஓடிவிடும். இலேசாக அழுத்தினால் இடுக்கில் நூல் மாதிரி பிளாஸ்டிக் பிதுங்கும். அதைத் துடைக்கக் கூடாது. காய்ந்ததும் கத்தியால் சுரண்டினால் இடுக்கு இருந்த இடமே தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆவி நல்லதல்ல.

ரெசினுக்கும் (திரவத்தை இறுகவைத்துச் செய்யும் வேறு வகைப் பிளாஸ்டிக்) உலோகத்துக்கும் இந்தச் சிமென்ட் உதவாது. அங்கே ஃபெவிக்விக்தான்.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பாகத்தில் விழும் அச்சுக்கோடு எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா? பத்து வீரர்களுக்கே கை வலிக்கிறது.

எல்லாவற்றையும் வேண்டாம். ஒரு கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். தோள் கவசம், தலைக்கவசம், துப்பாக்கியின் மேல் விளிம்பு, காலின் முன்பக்கம், கண் அங்கேதான் போகும். கத்தியின் கூர் பக்கத்தால் அல்ல, முதுகால் சுரண்டுங்கள். தோள் கவசத்தில் வளைவை ஒட்டியே கத்தியையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். ஒரே திசையில் இழுத்தால் உருண்டை தட்டையாகிவிடும், வெளிர் நிறம் பூசியதும் அது பளிச்சென்று தெரியும். முதுகுப் பைக்குப் பின்னால் மறைகிற இடத்தை விட்டுத்தள்ளுங்கள்.

வீட்டு 3டி பிரின்டரில் ரெசினில் அடித்துத் தருகிறார் நண்பர். ஈட்டி, வாள் எல்லாம் வளைந்திருக்கிறது.

வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். சரியாகிவிடும். அதற்கு முன் அது முழுதாகக் கழுவி, புற ஊதா ஒளியில் இறுகியதுதானா என்று நண்பரிடம் கேளுங்கள். தொட்டால் பிசுபிசுத்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ரெசினை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகமூடியும் போடுங்கள்.

ஆயுதங்களை மாற்றி மாற்றிப் பொருத்த காந்தம் வைக்கலாமா?

பெரிய இயந்திரங்களுக்கு வைக்கலாம், சாதாரண வீரனுக்கு வீண் வேலை. 5 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தம் டிரெட்நாட் (நடக்கும் போர் இயந்திரம்) மாதிரி ஆளின் கைக்குப் போதும். துருவம் குழம்பாமல் இருக்க ஒரு காந்தத்தைக் குச்சி நுனியில் ஒட்டி அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பதிக்கும் ஒவ்வொரு காந்தமும் குச்சியை ஈர்க்க வேண்டும், கைகளில் பதிப்பவை எல்லாம் தள்ள வேண்டும். அப்போது எந்தக் கையும் எந்த உடம்போடும் சேரும்.

க்ரீன் ஸ்டஃப் என்ற பச்சைப் புட்டி விலை அதிகம். இடைவெளி அடைக்க எம்-சீல் போதாதா?

இரண்டும் எபாக்சி வகைதான். ஆனால் எம்-சீல் சற்றுக் கரடு, மெல்லிய வேலைக்கு வராது. பேஸில் பாறை பிடிக்க, குழி அடைக்க அருமை. பாலிஸ்டைரின் மூட்டில் மயிரிழை இடைவெளி என்றால் இரண்டுமே வேண்டாம். வெட்டி எறிந்த ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கிச் சிமென்டில் ஊறவைத்தால் கூழாகும், அதையே தடவுங்கள்.

வீரர்கள் நன்றாக வந்திருக்கிறார்கள். ஆனால் பேஸில் மணலும் புல்லும் போட்டதும் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. செவ்வாய் மாதிரி ஒரு கிரகம் வேண்டும்.

பெரும்பாலோர் வீரனைக் கட்டி முடித்து, கறுப்பு வட்டத்தில் பாதத்தை ஒட்டிவிட்டு, அப்புறம்தான் தரையைப் பற்றி யோசிக்கிறார்கள். பாதத்தைச் சுற்றி மணல் ஏறி, வீரன் சேற்றில் புதைந்த மாதிரி நிற்பது அதனால்தான். முதலில் தரையைச் செய்யுங்கள். வீரன் பாறைமேல் ஒரு கால் வைப்பானா, சமதளத்தில் ஓடுவானா என்று முடிவு செய்யுங்கள். பிறகு குதிகாலில் 1 மி.மீ. துளை போட்டுப் பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி நிறுத்துங்கள்.

அடுத்தது அளவு. 28 மி.மீ. உருவத்தை ஏறக்குறைய 1:60 என்று வைத்துக்கொண்டால், 2 மி.மீ. மணல் பருக்கை அவனுக்கு 12 செ.மீ. கல். ஒரே அளவுப் பருக்கையை நிரப்பினால் ரயில் பாதை ஜல்லியில் நிற்கிறான் என்று தோன்றும். ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து, நைசைப் பெரும்பகுதிக்கும், கரட்டை ஓரிரு மூலைக்கும் வையுங்கள். கார்க்கைக் கையால் பிய்த்து நடுவில் இல்லாமல் ஓரமாக ஒட்டினால் பாறை. மணலை ஒட்டிய ஃபெவிகால் காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே ஒரு முறை விட்டால் மணல் உதிராது.

செவ்வாய்க்குப் புல் வேண்டாம். துரு நிறம் அடித்து, அடர் பழுப்பு வாஷ் (இடுக்குகளில் இறங்கும் நீர்த்த பெயின்ட்) விட்டு, காய்ந்த தூரிகையால் ஆரஞ்சு, கடைசியில் மிகக் கொஞ்சமாக வெளிர் மணல் நிறம் தேய்த்து எடுங்கள். அதே ஆரஞ்சை வீரனின் காலணியிலும் முழங்காலுக்குக் கீழேயும் தடவ மறக்காதீர்கள். தரையும் ஆளும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று காட்டுவது அந்தத் தூசிதான்.

கிரகத்தில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது என்று காட்ட கடையில் எதுவும் வாங்க வேண்டாம். உலோகக் கொசுவலைத் துண்டு இரும்புத் தளமாகும், பழைய சார்ஜர் வயர் குழாயாகும், ஓடாத கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் இயந்திரச் சிதைவாகும். வலையின் வெட்டு விளிம்பை மட்டும் மணலில் புதைத்துவிடுங்கள். ஒரு பேஸில் ஒரு பொருள், அதற்கு மேல் குப்பைமேடு.

பழைய வீரர்கள் 25 மி.மீ. பேஸில் இருக்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

வீட்டு விளையாட்டுக்கு எதிராளி சம்மதித்தால் போதும். போட்டிக்கென்றால் மாற்றுங்கள். தூரம் பேஸ் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்கப்படுவதால் அளவு ஆட்டத்தையே தொடுகிறது. 2015 வாக்கில் ஸ்பேஸ் மரீன்களுக்கு 32 மி.மீ. வந்தது. கனமான கவசம் போட்ட டெர்மினேட்டர்களுக்கு அதற்கு முன்பிருந்தே 40. பழைய பேஸைச் சுற்றி மாட்டும் வளையங்களும் கிடைக்கின்றன. அதே காரணத்தால் கார்க் பாறையையும் அளவோடு வையுங்கள். இரண்டு அங்குல உயரத்தில் நிறுத்தினால் சுவருக்குப் பின்னால் ஒளிய முடியாது.

சென்னையில் நவம்பரில் பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தால் சொரசொரப்பாக வருகிறது.

ஈரப்பதம். மழை விட்ட வெயில் நாளுக்குக் காத்திருங்கள், அல்லது தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறுங்கள்.

விமானத்தின் கண்ணாடி மூடியை ஒட்டினேன், வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது.

சூப்பர் க்ளூ ஆவி. அடுத்த முறை ஃபெவிகால், மூடிக்கு அந்தப் பிடிப்பு போதும்.

பேஸ் விளிம்புக்கு என்ன நிறம்?

கறுப்பு. பழுப்பு என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் படை முழுவதற்கும் ஒரே நிறம், மணல் சிந்தாத சுத்தமான விளிம்பு. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.