பத்துப் பேரும் பத்து வருஷம் ஆடினார்களா?

கேள்வி: ஆபீஸில் விளையாட்டு வினாடி வினா நடத்துகிறேன். 1869-ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் பேஸ்பால் அணியில் இருந்தவர்களில், மேஜர் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டிகளில்) அதிக சீசன் ஆடியவர் யார் என்று கேட்க ஆசை. ஆனால் அந்த அணியின் ஆட்டக்காரர் கால் மெக்வேக்கு ஓரிடத்தில் 9 சீசன், இன்னோரிடத்தில் 4 சீசன் என்று இருக்கிறது. முதல் பரிசாகக் கொடுக்க அந்த அணியின் படம் போட்ட பழைய கார்டு ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். "பத்துப் பேருமே மேஜர் லீகில் பத்து ஆண்டுக்கு மேல் ஆடியவர்கள்" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். நம்பலாமா?

பதில்: கார்டுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மெக்வே கணக்கில் 9, 4 இரண்டுமே சரிதான். 1869-ல் மேஜர் லீக் என்று ஒன்றே கிடையாது. ஒளிவுமறைவு இல்லாமல் பத்துப் பேருக்கும் சம்பளம் கொடுத்து நடத்திய முதல் அணி இது, அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனால் அந்த ஆட்டங்கள் யாருடைய மேஜர் லீக் கணக்கிலும் ஏறாது. 1871-ல் நேஷனல் அசோசியேஷன் என்ற தொழில்முறை லீக் வந்தது, 1875-ல் முடிந்தது. 1876-ல் நேஷனல் லீக். அந்த முதல் ஐந்து வருஷத்தைச் சேர்த்தால் மெக்வேக்கு 9, விட்டால் 4. இவ்வளவுதான் குழப்பம்.

விட்டது யார் என்றால், 1969-ல் கூடிய பேஸ்பால் பதிவேட்டுக் குழு. ஆட்ட அட்டவணை ஒழுங்காக இல்லை என்று காரணம் சொல்லி நேஷனல் அசோசியேஷனை மேஜர் லீக் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதே குழு, 1884-ல் ஒரே ஒரு சீசன் நடந்து, அணிகள் நடுவழியிலேயே கலைந்துபோன யூனியன் அசோசியேஷனை மேஜர் லீக் என்று ஏற்றுக்கொண்டது! இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. ஏனென்றால் 1869-ல் பெரும்பாலான ஆட்டங்களில் பந்து வீசிய ஏஸா பிரெய்னார்டுக்கு அதிகாரபூர்வ மேஜர் லீக் சீசன் பூஜ்யம். மூன்றாம் பேஸில் நின்ற ஃபிரெட் வாட்டர்மேனுக்கும் பூஜ்யம். மாற்று ஆட்டக்காரர் டிக் ஹர்லிக்கும் அப்படியே, அவர் 1872-ல் இரண்டே ஆட்டம் ஆடியவர். இந்த விளையாட்டைத் தொழிலாக்கிக் காட்டிய பத்துப் பேரில் மூன்று பேர் மேஜர் லீகில் ஆடவே இல்லை என்று ஒரு பதிவேடு சொன்னால், கோளாறு அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடை ஜார்ஜ் ரைட், அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்). 1871 முதல் 1882 வரை 12 சீசன். அந்த ஐந்து வருஷத்தை விட்டுப் பார்த்தாலும் 7, அப்போதும் அவர்தான் முதல். எந்த வழியில் எண்ணினாலும் விடை மாறாது என்பதால் தைரியமாகக் கேளுங்கள்.

ஆனால் வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள். "கடைசியாக ஆடியவர் யார்" என்று கேட்டுவிட்டால் விடை டக் அலிசன் ஆகிவிடும். இந்த அலிசன் விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கேட்சரான அவருக்கு 1871–1883 என்று போட்டிருக்கும், உடனே 13 என்று கழித்துக் கூட்டிவிடுவார்கள். உண்மையில் 1879-உடன் அவர் நிறுத்திவிட்டார், 1880, 81, 82-ல் மேஜர் லீகில் ஒன்றுமே இல்லை, 1883-ல் பால்டிமோர் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம். அந்த ஒரு ஆட்டமும் ஒரு சீசனாக எண்ணப்படும், ஆக மொத்தம் 10. ஜார்ஜின் அண்ணன் ஹாரி ரைட்டும் இதே மாதிரிதான்: 1877 வரை ஆடினார் என்று இருக்கும், ஆனால் 1875, 76, 77 மூன்று வருஷத்திலும் வருஷத்துக்கு ஒரு ஆட்டம், மற்றபடி அவர் மேனேஜர். ஹாரி 1850களிலேயே நியூயார்க்கில் நிக்கர்பாக்கர்ஸ் அணியில் ஆட ஆரம்பித்தவர் என்று யாராவது கை தூக்குவார்கள், அதனால் கேள்வியிலேயே "1871 முதல்" என்று சேர்த்துவிடுங்கள்.

இப்போது விற்பவர் எழுதியதைப் பாருங்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஆடியவர் ஜார்ஜ் மட்டும்தான். அலிசன் சரியாக 10. மெக்வேயும் ஆண்டி லெனர்டும் 9. இதையே தப்பாக எழுதுகிறவர் கார்டைப் பற்றி மட்டும் உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது?

அந்த அணியின் படம் போட்ட அசல் கார்டு, நியூயார்க்கில் விளையாட்டுச் சாமான் விற்ற பெக் அண்ட் ஸ்னைடர் கடை விளம்பரத்துக்காக வெளியிட்டது. முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் எடுத்த நிஜ புகைப்படத்தை அட்டைமேல் ஒட்டியிருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து ஜார்ஜின் முகத்தைப் பாருங்கள், கன்னத்தின் நிழல் ஒரே சீராகக் கரைய வேண்டும். செய்தித்தாள் படம் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பின்னால் அச்சடித்தது. எனக்கு ஒரு தரகர் இப்படி ஒன்றை விற்றிருக்கிறார், சான்றிதழோடு. ஓரமெல்லாம் பழுப்பு, மூலையில் மடிப்பு, பார்க்க நூறு வயசு ஆன மாதிரி. வீட்டில் கண்ணாடி வைத்தால் முகம் முழுக்கப் புள்ளி, பழுப்பு நிறம் டீத்தண்ணீரில் நனைத்தது. சான்றிதழையும் அவரே அச்சடித்திருந்தார். விற்கிறவரே கொடுக்கும் சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் விலைகூடக் கிடையாது.

"இன்றைய சின்சினாட்டி ரெட்ஸின் முதல் அணி" என்றும் சொல்லி விலையை ஏற்றுவார்கள். 1870-க்குப் பிறகு அந்தத் தொழில்முறை அணி கலைந்துவிட்டது. ரைட் சகோதரர்கள், மெக்வே, சார்லி கூல்ட் நால்வரும் பாஸ்டனுக்குப் போனார்கள், அந்த பாஸ்டன் கிளப்தான் இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ். இப்போதுள்ள ரெட்ஸ் 1881-ல் புதிதாகத் தொடங்கிய கிளப்.

பரிசுக்கு, மறுபதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் கார்டு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். இந்த விற்பவரிடம் இன்னும் ஆசை இருந்தால், முகத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதோடு விட்டுவிடுங்கள்.