பொறுப்பான கணவர்தான், ஆனாலும் மனசு ஒட்டவில்லையே!

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். செம்பூரில் இருக்கிறோம். கணவர் ரொம்பப் பொறுப்பானவர். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எதுவும் ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை. போன மழையில் லோக்கல் ரயில் நின்றபோது, பையனை அழைத்துவர முன்கூட்டியே பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார். நான் கலகலப்பானவள். சென்ற மாதம் எனக்குப் ப்ரமோஷன் கிடைத்தது. சொன்னதும், "அப்போ டாக்ஸ் கூடுமே" என்றார். குறை சொல்ல முடியாத மனிதரோடு ஏன் சந்தோஷமாக இருக்க முடியவில்லை?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, "டாக்ஸ் கூடுமே" என்று படித்ததும் எனக்கே சுருக்கென்றது. உங்கள் வருத்தம் நியாயமானது.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் காதல் இணைகளைப் பேசவைத்து ஆராய்ந்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறவின் நிறைவோடு அதிகம் ஒட்டியிருந்தது, துணையின் கஷ்டத்தைக் கேட்ட விதத்தைவிட, நல்ல செய்தியைக் கேட்ட விதம்தான். நீங்கள் ஏங்குவதும் அதற்குத்தானே?

2004-ல் உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் மனிதரின் நற்பண்புகளை 24 ஆக வகுத்தார்கள். அதில் முன்யோசனையும் உண்டு, நகைச்சுவையும் உண்டு. முன்னது உங்கள் கணவருடையது, பின்னது உங்களுடையது. வரனாக வந்தபோது எந்தக் குணத்தைப் பார்த்து வீட்டில் சம்மதித்தார்களோ, அதே குணம்தான் அன்று உங்கள் சந்தோஷத்தின் குறுக்கே வந்து நின்றது. உங்கள் சம்பள உயர்வை அவர் மனசு அப்போதே குடும்பக் கணக்கில் சேர்த்துவிட்டது என்றே நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்த அக்கறை அது. ஆனால் உங்களுக்கு அது போதாது. போதவும் வேண்டியதில்லை.

மனசு நொந்த நேரத்தில் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது நேராகவே கேளுங்கள்: "நான் நல்ல சேதி சொன்னா, முதல்ல எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. கணக்கு ராத்திரி பாத்துக்கலாம்." சொல்லிக் கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சொன்ன வேலையைத் தவறாமல் செய்கிறவர் அவர். குறிப்பால் உணர்த்தினால் பிடிபடாது, தெளிவாகச் சொன்னால் செய்வார்.

இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அந்த மழை நாளில் பையன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததும் அவரிடம் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. "நீங்க அன்னைக்கு யோசிச்சு வச்சதாலதான் எனக்குப் பதற்றமே இல்லை" என்று இன்றைக்குச் சொன்னாலும் காலம் கடந்துவிடவில்லை. அவருக்கும் ஒன்பது வருஷப் பசி இருக்கலாம்.

பேசியும் அசையவில்லை, அல்லது உங்கள் வேலையையே மட்டம் தட்டுகிறார் என்றால், அது சுபாவம் சம்பந்தப்பட்டது அல்ல. அப்போது இருவரும் சேர்ந்து ஒரு குடும்பநல ஆலோசகரைப் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள்.