கேளுங்க, சொல்றேன்: இந்த வாரம் லைவ் மியூசிக்

கேள்வி: எங்க ஊர்ல சின்னச் சின்ன பேண்டுங்க நிறைய இருக்குன்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது பாட்டு கேக்குற ஆப் காட்டுற நாலு பேர்தான். புதுசா வர்றவங்கள எங்கேருந்து புடிக்கிறது சார்?

பதில்: ஆப்பை கொஞ்ச நாள் மூடி வைங்க, அதுக்கு ஏற்கனவே ஆயிரம் பேர் கேட்டதை ஆயிரத்தி ஒண்ணாவது ஆளுக்குக் குடுக்கத்தான் தெரியும், போன வாரம் முதல் தடவையா மேடை ஏறின பசங்கள அது எப்படிக் கண்டுபுடிக்கும். பேண்டைத் தேடாதீங்க, இடத்தைத் தேடுங்க. சொந்தப் பாட்டு வாசிக்க விடுற சின்ன வென்யூ எந்த ஊர்லயும் கொஞ்சம்தான் இருக்கும், அதுல புக்கிங் பாக்குற ஆளுக்குக் காது நல்லா இருந்தா உங்க வேலை பாதி முடிஞ்சுது. நியூயார்க்ல 1973ல ஹில்லி கிறிஸ்டல்னு ஒருத்தர் சிபிஜிபின்னு கிளப் திறந்தார், அந்த எழுத்தெல்லாம் கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ்னு வேற வகை இசையைக் குறிக்குது, ஆனா அங்க வந்து வளர்ந்தது ரமோன்ஸ், டெலிவிஷன், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ்னு ராக் பேண்டுங்க. காரணம் ரொம்ப சிம்பிள், மத்தவங்க பாட்ட வாசிக்காதே, உன் பாட்ட வாசின்னு அவர் வச்ச ரூல். கவர் சாங், அதாவது மத்தவங்க பாட்டு மட்டுமே ஓடுற இடத்துல ஜாலியா இருக்கலாம், புது பேண்டு மட்டும் கிடைக்காது.

இடம் கிடைச்சிருச்சா, இப்ப கதவு திறக்குற நேரத்துக்குப் போங்க. நம்ம ஆளுங்க ஹெட்லைனர், அதாவது கடைசியா வாசிக்கிற பெரிய பேண்டு, ஏறும்போதுதான் உள்ள வருவாங்க, அதுக்குள்ள நீங்க தேடி வந்த பேண்டு வாசிச்சு முடிச்சு ஆம்ப்ளிஃபயரை வேன்ல ஏத்திட்டிருக்கும். போஸ்டர்ல கடைசியா பொடி எழுத்துல இருக்கற பேர்தான் உங்களுக்கு முக்கியம்.

இன்னொண்ணு, இது நிறைய பேர் யோசிக்காதது: ட்ரம்மரை ஃபாலோ பண்ணுங்க. கிட்டார் வாசிக்கிறவன் தெருவுக்கு ஒருத்தன் கிடைப்பான், ட்ரம் செட்டும் அதை வச்சு அடிக்க இடமும் இருக்கற ஆள் கம்மி, அதனால நல்ல ட்ரம்மர் ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேண்டுல இருப்பார். அவர் அடுத்து எங்க வாசிக்கிறார், யாரோட வாசிக்கிறார்னு பாத்துக்கிட்டே போனீங்கன்னா ஊரோட மொத்த மேப்பும் கைக்கு வந்துரும். பேண்டு உடையும், பேர் மாறும், ஆளுங்க அதே ஆளுங்கதான். பேஸ் கிட்டார் வாசிக்கிறவங்களுக்கும், சவுண்ட் போர்டுல உக்காந்திருக்கறவருக்கும் இதே கணக்கு. சவுண்ட் இன்ஜினியர்கிட்ட ஷோ முடிஞ்சதும் "சமீபத்துல யார் நல்லா பண்றாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, அவர் வாரம் பூரா எல்லா பேண்டையும் கேக்குற மனுஷன், பெரும்பாலும் சரியாதான் சொல்வார், கூடவே யார் மோசம்னும் சொல்வார்.

கேள்வி: ஃப்ரெண்ட் சொன்னான்னு ஒரு பேண்டு பாக்கப் போனேன். பாடுறது காதுலயே விழல, ஒரே இரைச்சல். ரெக்கார்டிங்ல நல்லாத்தானே இருந்தாங்க, ஏமாத்திட்டாங்களா?

பதில்: அவசரப்படாதீங்க. ஷோவுக்கு முன்னாடி சத்தத்தைச் சரிபாக்குற சவுண்ட் செக் வழக்கமா ஹெட்லைனருக்குத்தான் முதல்ல நடக்கும், ஓப்பனிங் பேண்டுக்குக் கடைசி, அதுக்குள்ள நேரம் ஓடிரும், சில சமயம் செக்கே இருக்காது, முதல் பாட்டுதான் செக். மேடைல இருக்கறவங்களுக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர், அதான் மானிட்டர், சரியில்லன்னா பாடுறவருக்கே அவர் குரல் கேக்காது. இதுல ஹால் காலியா வேற இருந்தா சத்தம் சுவர்ல பட்டு எதிரொலிக்கும், ஆளுங்க நிறைஞ்சா உடம்பெல்லாம் அதை உறிஞ்சிக்கும், அதான் அதே ஹால்ல கடைசி பேண்டு மட்டும் தெளிவா கேக்குது. நீங்க எங்க நின்னீங்கன்னும் பாருங்க, ஸ்பீக்கர் முன்னாடி நின்னா யார் பாடினாலும் இரைச்சல்தான். சவுண்ட் போர்டு பக்கத்துல நில்லுங்க, மிக்ஸ் பண்றவர் கேக்குறது அங்கேருந்துதானே.

இன்னும் ரெண்டு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சவுண்டை விட்டுட்டு வேற ரெண்டு விஷயத்தைக் கவனிங்க: பாட்டை எல்லாரும் ஒண்ணா முடிக்கிறாங்களா, கிட்டார் கம்பி அறுந்தா அடுத்த ரெண்டு நிமிஷம் என்ன பண்றாங்க. போன தடவை சொதப்பின புதுப் பாட்டு இந்தத் தடவை நடுவுல ஒரு பகுதியையே வெட்டிட்டு வந்திருந்தா, அந்தப் பசங்க உக்காந்து வேலை பண்றாங்கன்னு அர்த்தம். எனக்கு லைவ்ல இதவிட பெரிய சுவாரசியம் கிடையாது, ஆல்பத்துல முடிஞ்ச பாட்டுதான் கிடைக்கும், இங்க பாட்டு உருவாகுறதயே பாக்கலாம்.

கேள்வி: ஷோ முடிஞ்சு வந்தா ராத்திரி பூரா காதுல ங்ஙொய்னு சத்தம். பழகிடுமா?

பதில்: பழகாது, கெட்டுப்போகும். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும்தான் பாதுகாப்புன்னு ஒரு கணக்கு இருக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், அப்போ 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம். சின்ன ரூம்ல ட்ரம்ஸ் அடிச்சாலே சாதாரணமா அதைத் தொட்டுரும். ஃபோம் இயர்ப்ளக் காதைக் காப்பாத்தும், ஆனா மேல் ஸ்தாயி சத்தத்தை அதிகமா அமுக்கிடும், பாட்டு போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும். மியூசிஷியன்களுக்குன்னு ஃபில்டர் வச்சது கிடைக்குது, அது எல்லாத்தையும் ஏறக்குறைய சமமா குறைக்கும், ஒண்ணு வாங்கி சாவிக்கொத்துல மாட்டிக்குங்க. சத்தம் ரெண்டு நாளாகியும் நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க, எனக்கு லெட்டர் போடாதீங்க.

கேள்வி: எனக்குப் புடிச்ச லோக்கல் பேண்டை ஸ்பாட்டிஃபைல தினம் ரிப்பீட்ல விடுறேன். அவங்களுக்கு ஏதாவது போகுமா?

பதில்: உங்க பாசம் புரியுது, காசு போறது டவுட்டு. 2024லேருந்து ஒரு ட்ராக் பன்னெண்டு மாசத்துல குறைஞ்சது 1000 ஸ்ட்ரீம் தொடலன்னா ஸ்பாட்டிஃபைல ராயல்ட்டி கணக்குலயே சேராது, புது பேண்டோட பாதிப் பாட்டு அங்கயே நின்னுரும். பேண்டுங்க தங்க பாட்டையும் பொருளையும் விக்கிற பேண்ட்கேம்ப் சைட்ல வாங்கினா டிஜிட்டலுக்கு 15, பொருளுக்கு 10 சதவீதம்தான் கம்பெனி எடுக்கும், 2020 மார்ச்லேருந்து சில வெள்ளிக்கிழமைகள்ல அதையும் விட்டுக் குடுக்குறாங்க. எல்லாத்தவிட, ஷோ முடிஞ்சதும் பேண்டு தன் பொருளை விக்கிற மெர்ச் டேபிள்ல ஒரு டீஷர்ட் வாங்குங்க, அன்னைக்கு ராத்திரி வேன் பெட்ரோலுக்கு ஆகும்.

கேள்வி: கூட வர ஆளில்ல, தனியா போகக் கூச்சமா இருக்கு.

பதில்: தனியா போங்க. பாதிலயே கிளம்பலாம்னு நச்சரிக்க ஆள் இருக்காது.

கேள்வி: நாங்க இருபது பேர் நின்னு பாத்த பேண்டு இப்ப பெருசாயிட்டாங்க. சந்தோஷப்படணும்னு தெரியுது, வயிறு எரியுது.

பதில்: எரியட்டும், தப்பில்ல. மான்செஸ்டர்ல 1976 ஜூன் 4ம் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் பேண்டு வாசிச்சப்போ ஏறக்குறைய நாப்பது பேர்தான் இருந்ததா சொல்வாங்க, பின்னாடி "நானும் அங்க இருந்தேன்"னு சொன்னவங்களுக்குக் கணக்கே கிடையாது. நெஜமாவே இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே போய் பேஸ் கிட்டார் வாங்கினார், கூட இருந்த பெர்னார்ட் சம்னரும் அவரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ஜாய் டிவிஷன்ங்கற பேண்டா வளர்ந்துச்சு. நீங்க இருந்த அந்த இருபது பேர்ல இப்ப யார் யார் பேண்டு ஆரம்பிச்சிருக்காங்கன்னு விசாரிங்க, அதைப் பாக்கப் போங்க.

கேள்வி: பேண்டுல ஒருத்தர் இப்ப நல்ல பழக்கம். ஓசில உள்ள விடுற கெஸ்ட் லிஸ்ட்ல பேர் போடச் சொல்லலாமா?

பதில்: கூடாது. டிக்கெட் வாங்குங்க.